கடைமடை வரை: இலை நரம்பை அளக்கும் கணினி



இலையையும் கணினியையும் சேர்த்துப் பேசப் போகிறேன் என்றதும், "செடியைப் படம் பிடித்தால் பேர் சொல்லுமே, அந்த ஆப்பா?" என்றுதான் பலரும் கேட்டார்கள். அதுவும் நல்ல விஷயம்தான். 2011இல் அமெரிக்காவில் லீஃப்ஸ்னாப் வந்தது. ஓர் இலையை வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் படம் எடுத்தால், அதன் ஓரம் எங்கெங்கே எப்படி வளைகிறது என்று கணக்கிட்டு மரத்தின் பெயரைச் சொன்னது. அந்த நாட்டின் வடகிழக்குப் பகுதி மரங்களுக்கு மட்டும். பிரான்சில் தொடங்கிய பிளான்ட்நெட் இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஆனால் பெயர் சொல்வதை நான் சின்ன வேலையாகத்தான் நினைக்கிறேன். ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போகிறவர்களுக்கு எந்தத் தழை எதுவென்று ஆப் சொல்லித் தரவேண்டியதில்லை. மனிதக் கண்ணால் எக்காலத்திலும் செய்து முடிக்க முடியாத வேலை ஒன்று இருக்கிறது: இலைக்குள் ஓடும் நரம்புகளைக் கடைசி நுனிவரை அளப்பது. இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

அரச இலையைத் தண்ணீரில் பல நாள் ஊறப் போட்டுச் சதையை அழுக விட்டு, மிஞ்சும் வலையின் மேல் பிள்ளையாரும் மயிலும் வரைந்து விற்பார்களே, உங்களில் பலர் வாங்கியிருப்பீர்கள். அடுத்த முறை ஓவியத்தை விட்டுவிட்டு வலையைப் பாருங்கள். நடுவில் தடித்த நரம்பு. அதிலிருந்து இரு பக்கமும் பிரியும் கிளைகள். அவற்றுக்கு இடையே குறுக்கே ஓடும் மெல்லிய இழைகள். அந்த இழைகளுக்குள்ளும் இன்னும் சின்னச் சின்னக் கட்டங்கள். வெறும் கண்ணுக்கு இதுவரைதான் தெரியும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மேலும் நுண்ணிய நரம்புகள் நுழைந்து, சில இடங்களில் எதனோடும் சேராமல் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. இலையின் உண்மையான வேலை நடப்பது அந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

ஏன் என்றால், இலைக்கு ஓயாத ஒரு சங்கடம் உண்டு. ஒளிச்சேர்க்கைக்குக் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். அது உள்ளே வர இலைத்துளைகள் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெளியே போகும். போகிற நீரை ஈடுகட்டினால்தான் துளையைத் திறந்தே வைத்திருக்க முடியும். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் கடைமடைக்கு வாய்க்கால் இல்லையென்றால் அங்கே பயிர் காயும் என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரிந்த கதை. இலையிலும் அப்படித்தான். நடுநரம்பு எவ்வளவு தடிமனாக இருந்தாலும், கடைசி நரம்புக்கும் இலைத்துளைக்கும் இடையே உள்ள தூரம், அதாவது நீர் செல்களின் வழியே கசிந்து கடக்க வேண்டிய தூரம், கூடுதலாக இருந்தால் துளைகள் மூடித்தான் ஆகவேண்டும். ஆகவே ஒரு சதுர மில்லிமீட்டர் இலைப்பரப்பில் எத்தனை மில்லிமீட்டர் நீளத்துக்கு நரம்பு ஓடுகிறது என்ற ஒரே ஓர் எண்ணை வைத்து அந்த இலையின் உழைக்கும் திறனைப் பற்றி நிறையச் சொல்லிவிடலாம். இதற்கு நரம்படர்த்தி என்று பெயர்.

2009இல் கெவின் பாய்ஸ், டிம் பிராட்ரிப், டெய்லர் ஃபீல்ட், மசீஜ் ஸ்வினியெக்கி ஆகியோர் இன்று வாழும் தாவரங்களையும் புதைபடிவ இலைகளையும் சேர்த்து அளந்தார்கள். பெரணி, ஊசியிலை மரம் போன்ற பூக்காத தாவரங்களில் நரம்படர்த்தி சுமார் 2. பூக்கும் தாவரங்களில் சராசரியாக 8. நான்கு மடங்கு. கோடிக்கணக்கான ஆண்டுகளாக மற்ற தாவரங்கள் எதுவும் தாண்டாத வரம்பைப் பூக்கும் தாவரங்கள் தாண்டியிருக்கின்றன. பூவையும் கனியையும் வைத்தே அவற்றின் வெற்றியை விளக்கிப் பழகியவர்களுக்கு, "இலைக்குள்ளும் ஒரு புரட்சி நடந்திருக்கிறது, பாருங்கள்" என்று காட்டிய வேலை இது. 8 என்ற எண் சின்னதாகத் தெரிகிறதா? 50 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஓர் இலையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். 5000 சதுர மில்லிமீட்டர். எட்டால் பெருக்கினால் 40 மீட்டர் நரம்பு. ஒற்றை இலைக்குள்!

இந்த 40 மீட்டரை யார் அளப்பது? கணினி வருவதற்கு முன் நுண்ணோக்கியில் ஒரு சின்னச் சதுரத்தைப் பார்த்து, அதைத் தாளில் வரைந்து, கோட்டின் மேல் சக்கரம் ஓட்டி அளந்தார்கள். ஒரு சதுரத்துக்கே கண் எரியும். ஆயிரம் இலை என்றால் ஆயுளில் பாதி போய்விடும்.

இப்போது வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது கணினியில் தொடங்குவதில்லை, வாளியில் தொடங்குகிறது. பச்சை இலையை அப்படியே ஸ்கேன் செய்தால் பச்சையம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். அதனால் இலையை 5 சதவீதம் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட வேண்டும். மென்மையான இலை சில நாளில் வெளுக்கும், தடித்த இலை வாரக்கணக்கில் கிடக்கும். கரைசல் பழுப்பானதும் மாற்ற வேண்டும். பிறகு கழுவி, பிளீச்சில் சற்றே வைத்து, கண்ணாடி போல ஆனதும் சாஃப்ரானின் சாயம் ஏற்ற வேண்டும். நரம்பின் மரத்தன்மையுள்ள சுவர்கள் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும், மற்றவை வெளிறி நிற்கும். இந்தக் கட்டத்தில் இலை ஈரமான டிஷ்யூ பேப்பரைவிட மோசமான நிலையில் இருக்கும். இடுக்கியால் தூக்கினால் கிழியும். அடியில் பிளாஸ்டிக் தகடு கொடுத்து, தண்ணீரோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். இந்தத் துறையின் கட்டுரைகளில் 'இலைகள் தெளிவாக்கப்பட்டன' என்று ஒரே வரியில் முடிந்துவிடும் வேலை இது. அந்த ஒரு வரிக்குள்தான் ஆய்வு மாணவர்களின் மாதங்கள் போகின்றன.

அடுத்தது ஸ்கேன். அங்குலத்துக்கு 1200 புள்ளி என்று ஸ்கேனரில் வைக்கிறீர்கள். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு பிக்சல் சுமார் 21 மைக்ரோமீட்டர். கடைசிக் கிளை நரம்பின் அகலமே இருபது, முப்பது மைக்ரோமீட்டர்தான். அதாவது நரம்பின் அகலம் ஒன்றிரண்டு பிக்சலுக்குள் அடங்கிவிடும். ஒரு பிக்சல் கோட்டையும் ஒரு பிக்சல் தூசியையும் எந்த மென்பொருளாலும் பிரித்துச் சொல்ல முடியாது. நரம்பின் அகலத்துக்குள் நாலைந்து பிக்சலாவது விழ வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நுண்ணோக்கியில் துண்டு துண்டாகப் படமெடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். ஸ்கேனரே போதும் என்றால் பெரிய நரம்புகளோடு திருப்தி அடைய வேண்டும். எதை அளக்கப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற கருவியைத் தேடுவதுதான் முறை. நடைமுறையில் ஆய்வகத்தில் என்ன கருவி இருக்கிறதோ அதற்கேற்றபடி கேள்வியைச் சுருக்கிக்கொள்பவர்களே அதிகம்.

படம் கிடைத்ததும் நரம்பு எது, நரம்பில்லாதது எது என்று பிரிக்க வேண்டும். எளிய வழி, ஓர் எல்லைக்கோடு: இவ்வளவுக்கு மேல் கருப்பாக இருந்தால் நரம்பு, இல்லையென்றால் இடைவெளி. அந்த எல்லையைக் கண்ணால் தேடாமல் படத்தின் சாம்பல் நிறப் பரவலைக் கொண்டே தீர்மானிக்கும் முறையை ஜப்பானியர் நோபுயுகி ஒட்சு 1979இல் தந்தார். இன்றும் எல்லா மென்பொருளிலும் அது இருக்கிறது. ஆனால் இலையின் நடுப்பகுதி தடிப்பு, ஓரம் மெலிசு. நடுவுக்குப் பொருந்தும் எல்லை ஓரத்தில் நரம்புகளைத் தின்றுவிடும். எனவே, 'இந்த இடம் கருப்பா' என்று கேட்பதைவிட, 'இந்த இடம் ஒரு குழாய் போல இருக்கிறதா' என்று கேட்கும் வடிகட்டிகள் நன்றாக வேலை செய்கின்றன. இவற்றில் புகழ்பெற்றது 1998இல் அலெஹாந்த்ரோ ஃப்ராங்கியும் கூட்டாளிகளும் மனித உடலின் ரத்தக் குழாய்களை மருத்துவப் படங்களில் எடுத்துக் காட்டுவதற்காக உருவாக்கியது. எந்தத் திசையிலும் ஓடும் குழாயை, பெரிது சிறிது என்று பல அளவுகளில் தேடும். ரத்தமானாலும் நீரானாலும் குழாய் குழாய்தான் என்று தாவரவியல்காரர்கள் அதைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். படங்களை அளக்கும் இமேஜ்ஜே மென்பொருளின் கதையும் இதே. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வெய்ன் ராஸ்பாண்ட் 1997இல் எழுதி இலவசமாக வெளியிட்டது. இலை அளப்பவர்கள் அது இல்லாமல் ஒரு வாரம்கூடத் தள்ள முடியாது.

பிரித்தெடுத்த நரம்பை ஒற்றைப் பிக்சல் தடிமனுள்ள எலும்புக்கூடாகச் சுருக்கி, அந்தக் கோட்டின் நீளத்தைக் கணக்கிட வேண்டும். இங்கே ஒரு சின்னக் கணக்கு நிறையப் பேரைக் கவிழ்த்திருக்கிறது. நேர்கோட்டில் நூறு பிக்சல் என்றால் நீளம் நூறு. அதே நூறு பிக்சல் மூலைவிட்டமாகப் போனால் நீளம் 141. பிக்சல்களை வெறுமனே எண்ணிக் கூட்டினால், இலையைச் சாய்த்து வைத்து ஸ்கேன் செய்தாலே விடை மாறிவிடும். நல்ல மென்பொருள் இதைத் திருத்திக்கொள்ளும். நீங்களாக நாலு வரி நிரல் எழுதினால் நீங்கள்தான் திருத்த வேண்டும்.

இதைவிட மோசமான சிக்கல் ஒன்று உண்டு. நீளம் என்பது சகிப்புத்தன்மை உள்ள அளவு. பத்தாயிரத்தில் ஒரு பிக்சல் விடுபட்டால் குடி முழுகிவிடாது. ஆனால் கட்டங்களை எண்ணும்போது அப்படியில்லை. இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள நரம்பில் ஒரே ஒரு பிக்சல் அறுந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். கட்டத்தின் எண்ணிக்கை குறையும், சராசரிப் பரப்பு கூடும், பாதியிலேயே நிற்கும், உண்மையில் இல்லாத இரண்டு முட்டு நரம்புகள் புதிதாகப் பிறக்கும். எதிர்த் திசையிலும் தவறு நடக்கும். இலையின் மேலுள்ள ஒரு மயிர் குறுக்கே விழுந்தால் ஒரு கட்டம் இரண்டாகும். ஆகவே கணினி கொடுத்த வலையைத் திரையில் பெரிதாக்கி, மூலப் படத்தோடு வைத்து, கையால் ஒட்டியும் அழித்தும் சரிசெய்வது இன்றைக்கும் தவிர்க்க முடியாத வேலை.

கட்டங்களின் மேல் ஏன் இத்தனை கவனம்? கட்டம் என்றால் சுற்றுப்பாதை. நீரைக் கொண்டுசேர்க்க மட்டும் என்றால் மரத்தைப் போலக் கிளை பிரிந்துகொண்டே போகும் அமைப்பே சிக்கனமானது. சுற்றுப்பாதைகள் வீண் செலவு. 2010இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலேனி கடிஃபோரியும் கூட்டாளிகளும், தனியாக பிரான்சிஸ் கோர்சனும், ஒரே சமயத்தில் ஒரே மாதிரியான விடையைக் கணக்காகக் காட்டினார்கள். நரம்பு எங்காவது அறுபடும் வாய்ப்பு இருந்தாலோ, இலையின் வெவ்வேறு பகுதிகளின் நீர்த்தேவை நேரத்துக்கு நேரம் மாறினாலோ, சுற்றுப்பாதைகள் நிறைந்த வலைதான் சிக்கனமானது. கடிஃபோரியின் குழு எலுமிச்சை இலையின் நடுநரம்பில் துளை போட்டு, ஒளிரும் சாயத்தைக் காம்பு வழியே ஏற்றிப் படம் பிடித்தது. சாயம் துளைவரை வந்து, பக்கத்துச் சிறு நரம்புகளில் புகுந்து, துளையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. ஜிங்கோ மரத்தின் இலையில் நரம்புகள் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே போகும், திரும்பச் சேர்வது அரிது. அதில் துளை போட்டால் துளைக்கு அப்பால் உள்ள பகுதி வறண்டதுதான். புழு கடிக்காத இலையை உங்கள் தோட்டத்தில் தேடிப் பாருங்கள், இந்தச் செலவு எதற்கு என்று புரியும்.

லாரன் சாக், கிறிஸ்டின் ஸ்கோஃபோனி ஆகியோர் 2012இல் வெளியிட்ட வேலையும் எனக்கு மிகப் பிடித்தது. இலை மொட்டாக இருக்கும்போதே நடுநரம்பும் முதல் கிளைகளும் உருவாகிவிடுகின்றன. இலை விரியும்போது அவை ஒன்றையொன்று விட்டு விலகிப் போகின்றன. நுண்ணரம்புகள் அப்படியில்லை, இலை விரியும்போதே அவையும் புதிது புதிதாக உருவாகின்றன. அதனால் பெரிய இலையில் பெரிய நரம்புகள் இடைவெளிவிட்டு நிற்கும், சின்ன இலையில் நெருங்கி நிற்கும். நுண்ணரம்பின் அடர்த்தி மட்டும் இலையின் அளவைப் பொறுத்து மாறாது. நெருங்கிய பெரிய நரம்புகள், வறட்சியில் சில அடைபட்டாலும் மற்றவை வழியாக நீர் போக உதவும். வறண்ட நிலத்துச் செடிகளுக்கு ஏன் சின்ன இலை என்ற பழைய கேள்விக்கு இது ஒரு புதிய பதில். இதிலிருந்து கிடைத்த உபரி லாபம் ஒன்றும் உண்டு. புதைபடிவத்தில் இலையின் ஒரு துண்டு மட்டும் கிடைத்தால், அதில் பெரிய நரம்புகள் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பதை அளந்து, முழு இலை எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று மதிப்பிடலாம்.

புதைபடிவம் என்றதும் இந்தத் துறையின் தாத்தாவைச் சொல்லாமல் போக முடியாது. 1850களில் வியன்னாவின் அரசு அச்சகத்தில் அலோய்ஸ் ஆவர் ஒரு முறை கண்டுபிடித்தார். உலர்ந்த செடியை ஈயத் தகட்டுக்கும் எஃகுத் தகட்டுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் ஈயத்தில் நரம்பெல்லாம் பதியும். அதிலிருந்து செம்பில் நகல் எடுத்து அச்சடிக்கலாம். ஓவியரின் கையே படாத படம். கான்ஸ்டன்டின் ஃபான் எட்டிங்ஸ்ஹவுசன் இதைக் கொண்டு இலை நரம்புகளின் பெரும் தொகுப்புகளை வெளியிட்டார், புதைபடிவ இலைகளோடு ஒப்பிட. பின்னால் 1973இல் லியோ ஹிக்கி இலைகளை விவரிக்க ஒழுங்கான ஒரு சொல்தொகுதியைத் தந்தார். நரம்பு எந்தக் கோணத்தில் பிரிகிறது, ஓரத்தில் முடிகிறதா வளைகிறதா, ஓரப் பற்களின் வடிவம் என்ன, எல்லாவற்றுக்கும் ஒரு சொல். ஆனாலும் அனுபவசாலிகள்கூட, வெறும் இலையைக் கையில் கொடுத்து எந்தக் குடும்பம் என்றால் திணறினார்கள். புதைபடிவங்களில் பூவும் காயும் பெரும்பாலும் கிடைப்பதில்லையே.

2016இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் வில்ஃப், பிரவுன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் செர் முதலானோர் இந்த இடத்தில் கணினியைக் கொண்டுவந்தார்கள். 2,001 பேரினங்களைச் சேர்ந்த 7,597 இலைகள், எல்லாம் ஜாக் வுல்ஃப் என்ற அறிஞருடையது போன்ற சேகரங்களிலிருந்து வந்தவை, வாளியில் வெளுக்கப்பட்டுக் கண்ணாடித் தகடுகளில் ஏற்றப்பட்டவை. இவற்றைக் கொண்டு பழக்கிய கணினி, 19 குடும்பங்களில் எது என்று கேட்டபோது சுமார் 72 சதவீதம் சரியாகச் சொன்னது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் ஆறு சதவீதம்கூடத் தேறாது. 72 என்ற எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவர்கள் அதோடு நிறுத்தாமல், படத்தின் எந்த இடங்களை வைத்து இந்த முடிவுக்கு வந்தாய் என்று கணினியையே இலையின் மேல் வண்ணமிட்டுக் காட்டவைத்தார்கள். அதுதான் விஷயம். பற்களின் நுனி, ஓரத்தில் நரம்பு வளையும் இடம் என்று, தாவரவியலாளர்கள் சொல் வைத்திராத மிகச் சிறிய இடங்கள் ஒளிர்ந்தன. அங்கே திரும்பப் போய்ப் பாருங்கள் என்று மனிதருக்குச் சுட்டிக் காட்டும் கருவியாக அது ஆனது.

இப்படிக் காட்டச் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. அதே 2016இல், பிளான்ட்வில்லேஜ் என்ற தொகுப்பின் 54,306 படங்களை வைத்து, 14 பயிர்களில் 26 நோய்களைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் சிலர் கணினியைப் பழக்கினார்கள். சோதனையில் 99.35 சதவீதம் சரி. செய்திகள் பறந்தன. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அதே கணினி 31.4 சதவீதத்துக்கு இறங்கியது. இதையும் அந்த ஆய்வாளர்களே நேர்மையாக எழுதியிருந்தார்கள், படித்தவர்கள்தான் குறைவு. 2022இல் இன்னொரு ஆய்வு அதே தொகுப்பை எடுத்து, இலையை முற்றிலும் விட்டுவிட்டு, பின்னணியிலிருந்து எட்டே எட்டுப் பிக்சலை மட்டும் கணினிக்குக் கொடுத்தது. எட்டுப் பிக்சலில் இலையே இல்லை. ஆனால் 49 சதவீதம் சரியாகச் சொன்னது! ஒவ்வொரு நோயின் படங்களையும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்திருந்தால் அந்த மேசையின் நிறமே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். தொண்ணூற்றொன்பது சதவீதம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, பின்னணி என்ன என்றுதான்.

நரம்பு பிரிக்கும் வேலையிலும், எடுத்துக்காட்டுகளைக் கொண்டு கணினியே கற்கும் ஆழ்கற்றல் வந்துவிட்டது. 2021இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஒரு குழு போர்னியோ தீவின் மலேசியப் பகுதிக் காட்டு இலைகளைக் கொண்டு பழக்கிய கணினி வலையமைப்பு, நான் முன்னே சொன்ன ரத்தக்குழாய் வடிகட்டிகளை எல்லாம் முந்தியது. ஆனால் பழக்குவதற்கு நூற்றுக்கணக்கான இலைகளில் ஒவ்வொரு நரம்பின் மேலும் யாரோ உட்கார்ந்து கையால் கோடு போட்டிருக்கிறார்கள். வரைந்து அளந்தவர்களின் உழைப்பு இன்னும் ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது.

உலர்தாவரச் சேகரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கோவையில் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனத்திலும் ஒன்று. பழைய இலையில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். 1987இல் கேம்பிரிட்ஜின் இயன் வுட்வர்ட் 200 ஆண்டுக் காலத்தில் சேகரித்த எட்டு மர இனங்களின் இலைகளில் இலைத்துளைகளை எண்ணினார். காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற, துளைகளின் அடர்த்தி 40 சதவீதம் குறைந்திருந்தது. அன்று நுண்ணோக்கியில் எண்ணிய வேலையை இன்று கணினி எண்ணும். ஆனால் இரண்டு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். உலர்ந்த இலை சுருங்கும். சுருங்கினால் நரம்பும் துளையும் உள்ளதைவிட நெருக்கமாகத் தெரியும். மேலும் நூறாண்டு வயதான இலையை வாளியில் போட எந்தக் காப்பாளரும் தரமாட்டார். தரவும் கூடாது. எக்ஸ்ரேயில் படமெடுத்து நரம்பைப் பார்க்கும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. நல்ல வழி, செலவு கூடிய வழி.

நீங்கள் செய்து பார்க்க இவ்வளவும் தேவையில்லை. இலையின் அடிப்பக்கத்தில் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் செலோடேப்பால் உரித்து, பள்ளி நுண்ணோக்கியில் வைத்தால் இலைத்துளைகள் தெரியும். பெரிய நரம்புகளுக்கு ஒரு ஸ்கேனரும் இமேஜ்ஜேயும் போதும். மெல்லிய இலையாக எடுங்கள். இலையின் எந்த இடத்திலிருந்து சதுரம் எடுத்தீர்கள் என்று குறித்து வையுங்கள். நடுநரம்பை ஒட்டிய சதுரமும் ஓரத்துச் சதுரமும் ஒரே விடையைத் தரும் என்று நினைக்காதீர்கள். இலைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். படத்தை வெட்டிச் சுருக்கி வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பி "இதன் நரம்படர்த்தி எவ்வளவு சார்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்கேல் இல்லாத படத்தை வைத்துக்கொண்டு நான் இலை அழகாக இருக்கிறது என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

இனி உங்கள் கேள்விகள்.